50 ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த ‘பிக் பாய்’ நீராவி இஞ்சினை எப்படி மீண்டும் ஓட வைத்தார்கள்? துருவை நீக்கி எண்ணெய் விட்டால் போதாதா?

போதாது. 22 ஆண்டுகள் கொதிகலன் ஆய்வுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் உங்களுடைய இரண்டாவது கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீராவி இஞ்சினில் சக்கரங்களைச் சுழல வைப்பது ஒப்பீட்டளவில் சிறிய வேலை. அவற்றின் மேல் படுத்திருக்கும் கொதிகலனை நம்பி அருகில் நிற்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை.

யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்துக்காக 1941-இலும் 1944-இலுமாக, நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் கட்டப்பட்ட பிக் பாய் இஞ்சின்கள் மொத்தம் 25. எரிபொருளும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டரையும் சேர்த்தால் 132 அடி நீளம், ஏறத்தாழ 540 டன் எடை. இன்று எஞ்சியிருப்பவை எட்டு. அவற்றுள் 4014 எண்ணுள்ள இஞ்சின் 1961-இல் ஓய்வுபெற்று, அடுத்த ஆண்டு முதல் கலிபோர்னியாவின் பொமோனாவில் காட்சிப் பொருளாக நின்றது. அந்த ஊரின் வறண்ட காற்றும், எண்ணெயிட்டு அதைப் பேணிவந்த ரயில் வரலாற்று ஆர்வலர்களின் அக்கறையும் சேர்ந்து இரும்பைக் காப்பாற்றியிருந்தன. மற்ற ஏழையும் விட்டு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முக்கியக் காரணம். 2013-இல் நிறுவனம் இதைத் திரும்பப் பெற்றது. கண்காட்சித் திடலின் வாகன நிறுத்துமிடத்தில் தற்காலிகத் தண்டவாளத் துண்டுகளை இட்டு, இஞ்சின் கடந்துவந்த துண்டுகளைப் பெயர்த்து மீண்டும் அதன் முன்னால் இட்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்தி முதன்மைத் தடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு டீசல் இஞ்சின்கள் இழுத்துச் செல்ல, 2014 மே 8 அன்று அது வயோமிங் மாநிலத்தின் ஷையான் பணிமனையை அடைந்தது.

அங்கே நடந்த வேலையின் அளவு புரிய வேண்டுமானால் கொதிகலனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பிக் பாயின் இயக்க அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு; அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 217 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். எங்காவது தகடு கிழிந்து அழுத்தம் சட்டென்று விடுபட்டால், உள்ளிருக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அக்கணமே நீராவியாக மாறும். ஒவ்வொரு லிட்டரும் பல நூறு லிட்டர் நீராவியாக விரியும். கொதிகலன் வெடிப்பில் உயிர்களைப் பறிப்பது நெருப்பைவிட இந்த விரிவுதான்.

இந்த அழுத்தத்தை, நெருப்பு எரியும் உலைப்பெட்டியின் தட்டையான சுவர்கள் தாங்களாகவே தாங்கிவிடுவதில்லை. உள்தகட்டையும் வெளித்தகட்டையும், நடுவில் ஓடும் தண்ணீரைக் குறுக்கே கடந்து, நெருக்கமாக அமைந்த ஸ்டே போல்ட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நான்கு அங்குல இடைவெளி என்று வைத்துக்கொண்டால் ஒரு போல்ட் பிடித்திருப்பது 16 சதுர அங்குலப் பரப்பு. அதன் மேல் விழும் சுமை 4,800 பவுண்டு, அதாவது இரண்டு டன்னுக்கும் மேல். ஒன்று முறிந்தால் அதன் சுமை அடுத்தவற்றின் மேல் ஏறும்.

நான் பணியில் சேர்ந்த முதல் மாதத்தில், மூத்த ஆய்வாளர் ஒருவர் ஒரு பழைய கொதிகலனின் உலைக்குள் என்னை இறக்கி, கையில் ஒரு சிறு சுத்தியலைக் கொடுத்து, வரிசைக்கு வரிசை போல்ட்டுகளைத் தட்டிக்கொண்டே வரச் சொன்னார். நல்ல போல்ட் கணீரென்று ஒலிக்கும். மூன்றாம் வரிசையில் ஒன்று மட்டும் மொத்தென்றது. வெளியிலிருந்து பார்த்தால் அதற்கும் அண்டையில் இருந்ததற்கும் மயிரிழை வேறுபாடும் இல்லை. சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, கழற்றி எடுத்துப் பார்த்தபோது வெளித்தகட்டை ஒட்டி முக்கால் பங்கு விரிசல் கண்டிருந்தது. வண்ணம் பூசப்பட்டுப் பளபளக்கும் எந்தப் பழைய இஞ்சினைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஓசைதான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்க விதிகளும் இந்த அச்சத்தை அறிந்தே எழுதப்பட்டவை. 1995-இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் அருகே ஒரு சுற்றுலா ரயிலின் உலைக்கூரை, நீர்மட்டம் தாழ்ந்து அளவுமீறிச் சூடேறியதால் பிய்ந்து, இஞ்சின் ஊழியர் மூவருக்குத் தீக்காயம் ஏற்படுத்தியது. அதன் பிறகு விதிகள் திருத்தப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி 1,472 பணிநாட்களுக்கு ஒருமுறை, அல்லது 15 ஆண்டுகளுக்குள், கொதிகலனின் மேலுறையையும் குழாய்களையும் கழற்றி உள்ளும் புறமும் ஆராய்ந்து, தகடுகளின் தடிமனை மீயொலிக் கருவியால் அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு பாதுகாப்பான அழுத்தத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். 4014-க்கு நடந்ததும் அடிப்படையில் இதுவே.

எட் டிக்கன்ஸ் தலைமையிலான ஷையான் குழு தன் மற்றொரு நீராவி இஞ்சினான 844-ஐ முடித்துவிட்டு, 2016-இல்தான் இதை முழுமையாகக் கையில் எடுத்தது. உதிரிப் பாகங்களை வாங்குவதற்குக் கடை கிடையாது. இதைக் கட்டிய ஆல்கோ நிறுவனமே 1969-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே கிடைக்காதவற்றைப் புதிதாகச் செய்யத்தான் வேண்டியிருந்தது. நிலக்கரி எரித்த உலையை எண்ணெய் எரிக்கும் உலையாகவும் மாற்றினார்கள். பழைய நிலையே வேண்டும் என்போருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் வழியெங்கும் நிலக்கரி ஏற்றும் வசதிகள் மறைந்துவிட்ட நாட்டில், 844-உம் எண்ணெயில் ஓடும்போது, அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

2019 பிப்ரவரியில் நீரழுத்தச் சோதனை நடந்தது. இயக்க அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாக, அதாவது 375 பவுண்டு வரை, நெருப்பில்லாமல் தண்ணீரைக் கொண்டே அழுத்துவது முறை. தண்ணீர் அழுத்தத்தில் ஏறக்குறையச் சுருங்காது என்பதால் ஏதேனும் விட்டுப்போனாலும் வெடிக்காமல் கசிவதோடு நிற்கும். ஏப்ரலில் உலை மூட்டினார்கள். மே 1 அன்று இஞ்சின் தன் சொந்த நீராவியில் நகர்ந்தது. ஒரு சோதனை ஓட்டத்தை முடித்துக்கொண்டு, கண்டம் கடந்த ரயில்பாதையின் 150-ஆம் ஆண்டு விழாவுக்காக மே 4 அன்று யூட்டாவின் ஆக்டன் நகரை நோக்கிப் புறப்பட்டது.

அந்த ஜூலையில் வெஸ்ட் சிகாகோவில் அதைக் காட்சிக்கு நிறுத்தியிருந்தபோது நேரில் கண்டேன். கூட்டம் முழுவதும் ஆளுயரத்தை நெருங்கும் 68 அங்குலச் சக்கரங்களைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் உலைப்பெட்டியின் அடிப்புறம் குனிந்து, கொதிகலனைக் கழுவும் துளைகளின் அடைப்பான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கசியும் அடைப்பானைச் சுற்றித் தண்ணீர் காய்ந்து வெண்மையாகப் படிந்திருக்கும். என் கண்ணுக்கு எட்டிய எதிலும் அந்த வெள்ளைத் தடம் இல்லை.