48,000 ரூபாய் செலவு செய்வதா, புது கார் வாங்குவதா?

கேள்வி: தூத்துக்குடியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். அடுத்த வருடம் ஓய்வு. 2011 நவம்பரில் வாங்கிய வேகன் ஆர் எல்எக்ஸ்ஐ பெட்ரோல் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓட்டம். மாதம் ஒருமுறை பேத்தியோடு மதுரை போய் வருவோம். சஸ்பென்ஷன், கிளட்ச், ஏசி கம்ப்ரசருக்கு 48,000 ரூபாய் எஸ்டிமேட் வந்திருக்கிறது. "விற்றால் ஒன்றேகால் லட்சம் தேறாது, 15 வருடமானால் ஸ்கிராப்தான், லோன் போட்டுப் புதுசு வாங்குங்கள்" என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: சார், முதலில் ஸ்கிராப் பயத்தை விடுங்கள். 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டி என்கிற தடையெல்லாம் டெல்லிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும்தான். இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் இருந்து 5,000. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி.

அப்புறம், விற்காத வண்டியின் விலையோடு ரிப்பேர் செலவை ஒப்பிட்டுப் பயனில்லை. புது வண்டிக்கு ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள். 6 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 12,450. நாலே தவணையில் உங்கள் எஸ்டிமேட் தொகை போய்விடும். மீதி 56 தவணை இருக்கும், அதில் பெரும்பகுதி ஓய்வூதியத்தில் இருந்து. 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். அதற்காக இந்தச் சுமையை ஏற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குக் கவலை வண்டியின் அடிப்பாகம்தான். கடற்கரை ஊர், உப்புக்காற்று. எஸ்டிமேட்டில் துரு பற்றி ஒரு வரிகூட இல்லை. வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களே கீழே நின்று பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்க ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடம், பிறகு உள்ளே கால் வைக்கும் விரிப்பைத் தூக்கினால் தெரியும் தரை. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும். அரித்த இடத்தில் சத்தம் மங்கும், துரு செதில் செதிலாக உதிரும். மேலோட்டமான துரு என்றால் சுரண்டி கோட்டிங் அடித்துவிடலாம்.

அப்படியே டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2317 என்றிருந்தால் 2017-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயவில்லை என்றாலும் அத்தனை பழைய டயர் வேண்டாம். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடும் என்பதால், எரிபொருள் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன் சொல்லாத ஒரு காரணம்தான் புது காருக்கு உண்மையான காரணம். உங்கள் எல்எக்ஸ்ஐ-யில் ஏர்பேக் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ்-உம் இல்லை. இரண்டும் இன்று சட்டப்படி கட்டாயம். ஊருக்குள் 30, 40 வேகத்தில் ஓட்ட இந்த வண்டி போதும். நான்கு வழிச்சாலையில் பேத்தியை உட்கார வைத்து 90-ல் போவதற்கு நான் சரி சொல்ல மாட்டேன். மதுரைக்கு மட்டும் ஏர்பேக் உள்ள டாக்ஸியாகக் கேட்டு எடுங்கள், பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். அந்த வாடகை மாதத் தவணையில் பாதிகூட வராது.

ஆகவே அடிப்பாகம் திடமாக இருந்தால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனும் கிளட்சும் இப்போதே. பிரேக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி, கையில் காசு இருக்கும்போது. ஜாக்கி வைக்கும் இடத்திலோ ஸ்பிரிங் சேரும் இடத்திலோ தகடு ஓட்டையாகி இருந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாமல், ஆர்.சி. முடிவதற்குள் இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுங்கள். வாங்குகிறவரிடம் அந்த ஓட்டையைக் காட்டியே விற்க வேண்டும்.