புறக்கோட்டையில் வாங்கிய குளிர்சாதனப்பெட்டி: உத்தரவாதத்தை மறுக்கும் கடை

வணக்கம். ஓராண்டு உத்தரவாதத்துடன் வாங்கிய குளிர்சாதனப்பெட்டி இரண்டாம் மாதமே பழுதடைந்திருக்க, அட்டையில் கடை முத்திரை இல்லை என்று சொல்லித் திருத்தித்தர மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முத்திரையிட வேண்டியது அவர்களுடைய கடமை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு அதையே காரணமாகக் காட்டுவது வெறும் சாட்டு.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையாத பொருளைப் பற்றி நீங்கள் முறையிடலாம். விசாரணையின் முடிவில் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகாரசபை கட்டளையிடலாம். ஆனால் விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்பதால், "அடுத்த கிழமை வாருங்கள்" என்ற பேச்சை நம்பி இனியும் காத்திருக்காதீர்கள்.

முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதில் வாங்கிய திகதி, பெட்டியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கம், பழுதின் தன்மை, உங்கள் கோரிக்கை ஆகியவை இருந்தால் போதும், கோபம் வேண்டாம். கடைப் பற்றுச்சீட்டின் மூலப்பிரதியை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து விரைவில் மங்கிவிடும் என்பதால் இன்றே நிழற்பிரதி எடுத்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால், கொழும்பு 2, வொக்ஸோல் வீதியிலுள்ள அதிகாரசபையின் தலைமை அலுவலகத்தில் பிரதிகளுடன் முறைப்பாட்டைக் கையளியுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரமும் கேட்கலாம், ஆயினும் தொலைபேசி அழைப்பு எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாகாது.