அடுப்படியில் ஆண்டவரைத் தேடலாமா?

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். காலை நாலரைக்கு எழுந்து இட்லி ஊற்றி, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறேன். ராத்திரி வேதத்தைத் திறந்தால் தூக்கம்தான் வருகிறது. சபையில் மற்ற சகோதரிகள் தினமும் ஒரு மணி நேரம் ஜெபிப்பதாகச் சாட்சி சொல்லும்போது கூனிக் குறுகிப் போகிறேன். நான் தேவனைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறேனா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் அந்த ஒரு மணி நேரச் சாட்சியை ஓரமாக வையுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டது யார் என்று யாரும் சாட்சி சொல்வதில்லை!

யோவான் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தை எடுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு, ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் வந்த பேதுருவிடமும் மற்ற சீஷர்களிடமும் கேட்ட முதல் கேள்வியே சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்பதுதான். அவர்கள் கரையேறிப் பார்த்தால் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். இதே யோவான் கரிநெருப்பைப் பற்றி இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் எழுதுகிறார், 18-ஆம் அதிகாரத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த இடத்தில். அதே புகை மூக்கில் ஏறியபோது அந்த மனுஷனுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! ஆனால் "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று இயேசு பேதுருவிடம் கேட்கிற கேள்வி சாப்பாடு முடிந்த பிறகுதான் வருகிறது.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். பழைய சிப்பாய், போரில் அடிபட்டுக் கால் சரியில்லை. அவரைச் சமையலறையில் போட்டார்கள், அவருக்கோ அந்த வேலையே பிடிக்காது. சட்டியில் ஆம்லெட்டைப் புரட்டிப் போடுவதைக்கூட தேவன்மேல் உள்ள அன்புக்காகச் செய்யப் பழகிக்கொண்டார், ஆனால் அது ஒரே நாளில் வந்துவிடவில்லை, முதல் பத்து வருஷம் ரொம்பத் தடுமாறியதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நீங்கள் ஒரு மாதத்தில் சோர்ந்துபோனால் எப்படி?

சரி, நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். இட்லி வேகிற அந்தப் பத்து நிமிஷம் போனைத் தொடாதீர்கள், யூடியூப் பிரசங்கமும் வேண்டாம் (மாவு கரைக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்). கையில் மாவு ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, நின்றபடியே அவரிடம் பேசுங்கள். மாமியார்மேல் எரிச்சலா, அதையும் சொல்லுங்கள், வேதத்தில் சங்கீதக்காரன் புலம்பாததா? பேச ஒன்றும் வரவில்லை என்றால் ஆவி பறப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நில்லுங்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை சட்னி அரைக்கிற வேலையை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். கரையில் மீன் சுட்டவரைக் கும்பிடுகிறவர்தானே அவரும்.