வாசகர் கேள்வி – பதில்: துணைக்குப் புற்றுநோய் சிகிச்சை, வீட்டில் கவனிப்பது எப்படி?

மனைவிக்கு (46) இடது மார்பகத்தையும் அக்குள் நெறிகட்டிகளையும் எடுக்கும் அறுவை சிகிச்சை அடுத்த வாரம் மும்பை பரேலில் உள்ள ஆஸ்பத்திரியில். காயத்தில் ஊறும் நீரை வெளியே எடுக்கும் இரண்டு டிரெயின் டியூபோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நானும் பிளஸ் டூ படிக்கும் மகனும்தான் வீட்டில். நர்ஸ் வைக்க வேண்டுமா?
— செம்பூர் வாசகர்

பெரும்பாலும் வேண்டியதில்லை. டிஸ்சார்ஜுக்கு முன் வார்டு நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, நீங்களே ஒருமுறை டிரெயினைக் காலி செய்து காட்டுங்கள். அவர் செய்வதை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் கை ஓடாது.

டியூபின் முனையில் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்புள்ள ஒரு டப்பா இருக்கும். அது அமுங்கிய நிலையில் இருந்தால்தான் தோலுக்கு அடியில் ஊறும் நீரை இழுக்கும். முழுக்க விரிந்துவிட்டால் உறிஞ்சும் விசை போய்விட்டது என்று பொருள். தினமும் ஒரே நேரத்தில், சோப்புப் போட்டுக் கை கழுவி, முதலில் டியூபில் உள்ள கிளிப்பை மூடுங்கள். மூடியைத் திறந்து அளவுக் கோப்பையில் ஊற்றி, கோப்பையை மேசைமேல் வைத்துக் கண்மட்டத்தில் மில்லி பாருங்கள். டப்பாவை நன்றாக அமுக்கி, அமுக்கிய கையை எடுக்காமலே மூடியைப் போடுங்கள். கடைசியாகக் கிளிப்பைத் திறக்க வேண்டும். கையை எடுத்தபின் மூடுவதும், கிளிப்பைத் திறக்க மறப்பதும்தான் வழக்கமாக நடக்கும் தவறுகள். இரண்டிலும் நீர் உள்ளேயே தேங்கும், அல்லது டியூப் நுழையும் துளையைச் சுற்றிக் கசியும்.

இரண்டு டப்பா என்றால் பிளாஸ்திரி ஒட்டி 1, 2 என எழுதுங்கள். அளவையும் நிறத்தையும் நோட்டில் தனித்தனியாகக் குறியுங்கள், கூட்டிவிடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் எடுப்பார்கள் என்பதில்லை. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பது பல மருத்துவர்களின் வழக்கம். அந்த முடிவுக்கு உங்கள் நோட்டைத்தான் பார்ப்பார்கள்.

நிறம் முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள் என மாறும். மஞ்சளாகியிருந்தது மறுபடி புது ரத்தமாக வந்தாலோ, டப்பா மளமளவென நிறைந்தாலோ, நாற்றமடித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு. நேற்று 90 மில்லி, இன்று சுத்தமாக ஒன்றுமில்லை என்றால் புண் ஆறிவிட்டதென்று மகிழ வேண்டாம். டியூபில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். தோலுக்குப் பக்கத்தில் டியூபை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரலால் டப்பாப் பக்கமாக வழித்துவிடுங்கள். டியூப் வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளக்கூடாது. சுத்தமான காஸ் வைத்து ஒட்டி, போன் செய்யுங்கள்.

டப்பா எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஊக்கால் உடையோடு சேர்த்துக் குத்துங்கள், டியூபைக் குத்திவிடாமல். முன்பக்கம் பொத்தான் உள்ள நைட்டி இரண்டு மூன்று வாங்கிவையுங்கள். வாங்க முடியாவிட்டால் உங்கள் பழைய சட்டையே போதும் என்பது எங்கள் கருத்து.

இடது கை மோதிரம், வளையலை இப்போதே கழற்றிவிடுங்கள், வீங்கியபின் கழலாது. தாலிக்கொடியையும் எடுக்கச் சொல்வார்கள். ஆபரேஷன் தியேட்டரில் மின்கருவி பயன்படுத்துவதால் உடலில் உலோகம் இருக்கக்கூடாது. அந்த வாசலில் வைத்துச் சொன்னால் அழுதுவிடுவார். முந்தின நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றுவதா என்று அவரிடமே கேளுங்கள். அறுவைக்குப் பின் அந்தக் கையில் ஊசி, பிபி வேண்டாம் என்பதை ஒவ்வொரு முறையும் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். விரல் மடக்குவது, முழங்கை மடக்குவது முதல் நாளிலிருந்தே. தோளுக்கு மேலே எப்போது தூக்கலாம் என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

கீமோவுக்குப் பின் ராத்திரி காய்ச்சல் வந்தால், மனைவிக்கு பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் போகலாமா? ஆஸ்பத்திரி பரேலில், நாங்கள் இருப்பது மும்பைக்கு வெளியே டோம்பிவலியில்.

கூடாது. கீமோ போட்ட 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதே அவசரம். மாத்திரை சூட்டைத்தான் மறைக்கும், கிருமி உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் ஊசி தாமதமில்லாமல் ஏற வேண்டும். அணுக்களைக் கூட்டும் ஊசி போட்டபின் எலும்பு வலிக்கிறது என்பார். அதற்கு பாராசிட்டமால் கொடுக்கும்முன்னும் தெர்மாமீட்டர் வையுங்கள்.

நள்ளிரவில் பரேல் வரை போக முடியாது என்றால், 24 மணி நேர கேஷுவாலிட்டி (அவசரப் பிரிவு) உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கீமோ தேதி, மருந்துப் பெயர், கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே ஃபைலில். உள்ளே நுழைந்ததும் “கீமோ போட்டு ஒன்பதாம் நாள், காய்ச்சல்” என்பதுதான் முதல் வாக்கியம். இல்லாவிட்டால் சளிக்காய்ச்சல் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

கணவருக்கு வாய்ப் புற்று ஆபரேஷன். மூக்கு டியூபில் கஞ்சி விடும்போது அடைத்துக்கொள்கிறது.
— தாராவி வாசகி

கஞ்சி கெட்டி, அல்லது தண்ணீர் விடவில்லை. கேழ்வரகுக் கஞ்சியோ பருப்புத் தண்ணீரோ, மிக்ஸியில் அடித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்துக் கரைத்து விடுங்கள். எதைப் பொடிக்கக்கூடாது என்று மருந்துக் கடையில் கேளுங்கள். சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டுத் தோள் உயரத்தில் பிடித்தால் 200 மில்லி தானாக இறங்கும், பதினைந்து இருபது நிமிடம் ஆகட்டும். அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல உள்ளே வெளியே இழுத்துப் பாருங்கள், கம்பி கிம்பி வேண்டாம்.

உட்காரவைத்தே கொடுங்கள், முடிந்தபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். மூக்கருகே டியூபில் பேனாக்கோடு போட்டு, ஒவ்வொரு வேளையும் கோடு நகரவில்லையா என்று பாருங்கள். நகர்ந்திருந்தாலோ இருமினாலோ ஒரு சொட்டும் விடாதீர்கள். கழன்றால் நீங்களே சொருகக்கூடாது, உள்ளே தையல் இருக்கிறது.

சிவப்பு மருந்து ஏற்றியபின் மனைவிக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது.

அது டாக்சோரூபிசின் மருந்தின் நிறம், ஓரிரு நாளில் போய்விடும். எரிச்சலோ ரத்தக்கட்டியோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 48 மணி நேரம் கழிவறையில் மூடியை மூடி இரண்டு முறை ஃபிளஷ் செய்யுங்கள். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் பரேலில் உள்ள டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ரயில் சலுகை, தங்க இடம்?

சிகிச்சைக்கான பயணத்தில் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, துணைக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய ரயில்வே படிவத்தை முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும். தங்குவதற்கு ஆஸ்பத்திரியின் சமூகப்பணிப் பிரிவில் கேளுங்கள். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை இருக்கிறது, ஆனால் இடத்துக்குப் போட்டி அதிகம். வந்த அன்றே பெயர் கொடுத்துவிடுவது நல்லது.