தெரியாத ஏர்லைன்ஸில் டிக்கெட் போடலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை மும்பையில் மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். "இந்தக் கம்பெனி பேரையே கேட்டதில்லையே, நம்பி ஏறலாமா?"

வாஷிங்டனில் மகளுக்குப் பிரசவம். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் இருபதாயிரம் ரூபாய் குறைவு. ஆனால் 2019இல் விழுந்த விமானம் அவர்களுடையதுதான் என்று மைத்துனர் பயமுறுத்துகிறார். (வாசகி, மாட்டுங்கா)

தாராளமாகப் போங்கள். 1945இல் தொடங்கிய நிறுவனம் அது. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் அவர்கள் சேர்ந்தது 2011இல். நம்முடைய ஏர் இந்தியா சேர்ந்ததே 2014இல்தான். 2019 மார்ச்சில் விழுந்தது போயிங் 737 மேக்ஸ், 157 பேர் இறந்தார்கள். அதற்கு நான்கைந்து மாதம் முன்பு இந்தோனேசியாவில் அதே மாடல் விழுந்திருந்தது. இரண்டிலுமே விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிய மென்பொருள்தான் முக்கியக் காரணம். அதனால்தான் உலகம் முழுக்க அந்த மாடலையே தரையில் நிறுத்தினார்கள். அமெரிக்காவுக்கு அவர்கள் ஓட்டுவது வேறு ரகப் பெரிய விமானங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அடிஸ் அபாபா விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, முழுச் சுமையும் முழு எரிபொருளுமாக எழும்புவது சிரமம். அதனால் அமெரிக்கா போகும்போது நடுவில் ஓர் ஊரில் இறங்கி எரிபொருள் நிரப்புவதுண்டு. வீட்டிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்கள். முட்டிவலி இருந்தால் அந்த இருபதாயிரத்தை விட்டுவிடலாம்.

எந்த ஏர்லைன்ஸ் நல்லது? உடனே பதில் தேவை. (வாசகர், முலுண்ட்)

எந்த ஊருக்கு, எந்த மாதம், எத்தனை பேர், கூட வயதானவர்களோ கைக்குழந்தையோ உண்டா? ஒன்றுமே எழுதவில்லை. முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ஒரு கம்பெனி பாதுகாப்பானதா என்று நாமே பார்க்க வழி உண்டா? (வாசகர், செம்பூர்)

உண்டு, பத்து நிமிட வேலை. ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தில் பறக்கத் தடை செய்த கம்பெனிகளின் பட்டியலை 2006 முதல் வெளியிட்டு வருகிறது. அதில் பெயர் இருந்தால் வேண்டாம். அடுத்து, விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான அயாட்டாவின் ஐயோசா என்ற பாதுகாப்புத் தணிக்கைப் பதிவில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நல்லது. சின்னக் கம்பெனிகள் சில அதில் சேராமலும் இருக்கும், அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். யூடியூபில் சாப்பாட்டுத் தட்டைக் காட்டும் வீடியோக்களை வைத்துப் பாதுகாப்பை எடைபோட வேண்டாம்.

பையன் பாஸ்டனில் எம்.எஸ். சேருகிறான். இஸ்தான்புல் வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறு கம்பெனி என்று இரண்டு டிக்கெட்டாகப் போட்டால் 18,000 மிச்சம். நடுவில் 2 மணி 40 நிமிடம் இருக்கிறது. போதுமா? (வாசகர், டோம்பிவிலி)

போதாது. தயவுசெய்து போடாதீர்கள். வருஷக்கணக்காக இதையே எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன்: தெரியாத கம்பெனியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இரண்டு பி.என்.ஆரைப் பார்த்துப் பயப்படுங்கள்.

ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் பையன் வெறும் 'நோ ஷோ', அதாவது வராத ஆள். போகும் டிக்கெட்டோடு திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடும். பெட்டியும் பெரும்பாலும் பாஸ்டன் வரை போகாது. இஸ்தான்புல்லில் எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பெட்டியை எடுக்க இமிக்ரேஷன் தாண்டி வெளியே வரவேண்டும், அதற்குத் துருக்கி விசா வேண்டும். அமெரிக்க விசா உள்ள இந்தியருக்கு அவர்கள் இ-விசா தருகிறார்கள். அதையும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். எடைக் கணக்கும் மாறும். மும்பையிலிருந்து அமெரிக்கா வரை ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் 23 கிலோவில் இரண்டு பெட்டி. துண்டு டிக்கெட்டில் முதல் கம்பெனி அவ்வளவு தராமல் போகலாம். குக்கரும் பொடி வகைகளுமாகப் போகும் பையனுக்கு அங்கேயே உங்கள் 18,000 போய்விடும்.

என் அக்கா என்னைக் கேட்காமல் இப்படித்தான் ஒரு முறை போட்டாள். ஜூலை மழை. மும்பை விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் இறங்கியபோது அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. அறுபத்திரண்டு வயதில் 19 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் புது டிக்கெட்டுக்குக் கொடுத்தது, மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு. அந்த இரவு அவள் போனில் அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சில வலைத்தளங்கள் இந்த இரட்டை டிக்கெட்டை ஒரே பயணம் போலக் காட்டி, 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று பொடி எழுத்தில் போடுகின்றன. பணம் கட்டும் முன் "ஒரே பி.என்.ஆரா?" என்று கேளுங்கள்.

பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப்பெயரே இல்லை. டிக்கெட்டில் என்ன போடுவது? (வாசகர், தாராவி)

நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேருக்கு இருக்கும் சிக்கல் இது. ஒரு கம்பெனி பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், இன்னொன்று எஃப்.என்.யூ. (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்) என்று போடச் சொல்லும். பழக்கமில்லாத கம்பெனி என்றால் வாங்கும் முன் போன் செய்து கேளுங்கள். இனிஷியலை நீங்களாக விரித்து எழுத வேண்டாம். துபாய், அபுதாபிக்குச் சுற்றுலா விசா எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அங்கே தடை வந்தது. பிறகு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் சரி என்றார்கள்.

சைவம் என்பதால் 'ஹிந்து மீல்' போட்டேன். கோழி வந்தது. (வாசகி, நெருல்)

ஹிந்து மீல் என்றால் மாட்டிறைச்சி இல்லாத அசைவம். உங்களுக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல்., அதாவது ஏஷியன் வெஜிடேரியன். வி.ஜி.எம்.எல். என்பது வீகன், அதைப் போட்டால் தயிர்கூட வராது. 24 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள்.

ஐரோப்பியக் கம்பெனி என்று வாங்கினேன், ஏறினால் வேறு கம்பெனி விமானம். (வாசகர், சயான்)

கோட்ஷேர், அதாவது ஒரு கம்பெனி விற்கும், இன்னொன்று ஓட்டும். டிக்கெட்டில் 'ஆபரேட்டட் பை' என்று ஒரு வரி இருந்திருக்கும், நீங்கள் படிக்கவில்லை. உண்மையில் யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பணமும் மாறும். இங்கிருந்து பிராங்ஃபர்ட் போகும் விமானம் பல மணி நேரம் தாமதமானால், ஓட்டுவது ஐரோப்பியக் கம்பெனியாக இருந்தால்தான் ஐரோப்பிய விதிப்படி 600 யூரோ வரை நஷ்டஈடு கேட்கலாம். அங்கிருந்து திரும்பும்போது யார் ஓட்டினாலும் கேட்கலாம்.

கோயம்புத்தூரிலிருந்து அம்மா வந்து மும்பையில் மாறி லண்டன் போகிறார். கவனிக்க ஏதாவது? (வாசகி, வாஷி)

எந்த விமான நிலையத்தில் இறங்குகிறார் என்று பாருங்கள். நவி மும்பையும் இப்போது திறந்துவிட்டது. டிக்கெட்டில் என்.எம்.ஐ. என்றிருந்தால் நவி மும்பை, பி.ஓ.எம். என்றிருந்தால் பழையது. லண்டன் விமானம் அந்தப் பழைய விமான நிலையத்தின் சஹார் டெர்மினல் 2இலிருந்து. அப்புறம், ஒரே பி.என்.ஆர்.தானே?