1990களின் பேய்ப் படங்கள், தொலைக்காட்சித் தொடர்களில் இன்றும் பயமுறுத்துபவை எவை?

யோசிக்காமல் சொல்வேன்: ஜப்பானில் வந்தவை. 90களில் ஹாலிவுட்டிலிருந்து வந்த பல திகில் படங்களை இப்போதும் ரசித்துப் பார்க்கலாம், ஆனால் பயம் ஆவியாகிவிட்டது. அதே பத்தாண்டில் வந்த ஜப்பானியப் படங்களை இன்று இரவு தனியாக உட்கார்ந்து பார்த்தாலும் முதுகு சிலிர்க்கிறது. இதற்கு நான் நம்பும் காரணம் ஒன்று உண்டு. அந்தப் படங்களின் பிறந்த வீடு வாடகை வீடியோ கேசட்டும் தொலைக்காட்சியும். திரையரங்குக்கு வருவதற்கு முன்பே அந்த இயக்குநர்கள் சின்னத் திரையில், சொற்பப் பணத்தில், பயத்தை எப்படி உண்டாக்குவது என்று கற்றுத் தேர்ந்துவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். 'ரிங்' படத்தின் முடிவு கீழே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

80களின் கடைசியில் ஜப்பானில் வீடியோ வாடகைக் கடைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. தியேட்டருக்கே போகாமல் நேராகக் கேசட்டாக வெளிவரும் படங்களுக்கென்றே தோயே நிறுவனம் 1989இல் 'வி-சினிமா' என்ற வரிசையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஒரு பயங்கரமும் நடந்தது. தோக்கியோவைச் சுற்றிச் சிறுமிகளைக் கடத்திக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் ஆயிரக்கணக்கான வீடியோ கேசட்டுகள் இருந்தன. பத்திரிகைகள் ரத்தம் தெறிக்கும் படங்களைக் குற்றம் சாட்டின. வெட்டுக்குத்து காட்டும் வீடியோக்களுக்கு ஒரேயடியாகக் கெட்ட பெயர் வந்தது. ரத்தத்தைக் காட்ட முடியாது, காசும் கிடையாது. அப்புறம் எதை வைத்துப் பயமுறுத்துவது?

அந்த இடத்தில்தான் 1991இல் 'ஹொந்தோ நி அத்தா கொவாய் ஹனாஷி' வந்தது. 'உண்மையிலேயே நடந்த பயங்கரக் கதைகள்' என்று சொல்லலாம். வாசகர்கள் எழுதி அனுப்பிய அனுபவங்களைப் படக்கதையாகப் போட்டுவந்த பத்திரிகைதான் மூலம். நோரியோ ட்சுருதா இயக்கினார், சியாகி கொனாகா எழுதினார். வெளியூரில் இந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை, ஆனால் பின்னால் புகழ்பெற்ற அத்தனை பேரும் விரல் நீட்டுவது இந்தக் கேசட்டுகளை நோக்கித்தான். ஒரு கதையில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கு, பயிற்சிக்கு வந்த மாணவிகள், சிவப்பு உடையில் ஒரு பெண். அவ்வளவே. அவள் பாய்ந்து வரவில்லை, இசை அலறவில்லை. அவள் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறாள். பார்க்கிற நமக்கு உள்ளே ஏதோ நழுவுகிறது.

கொனாகா இதையெல்லாம் யோசித்தே செய்தார். அவருடைய விதிகளைச் சக திரைக்கதையாசிரியர்கள் பிறகு 'கொனாகா கோட்பாடு' என்றே அழைத்தார்கள். பேய் பேசக் கூடாது. பேயின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைக்கக் கூடாது, ஏனென்றால் பேய் எப்படிப் பார்க்கிறது என்று நமக்குத் தெரிந்துவிட்டால் அது இன்னொரு கதாபாத்திரமாகிவிடும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இது: முன்வினை, பழி, பாவம் என்று காரணம் சொல்லும் கதை கொஞ்சமும் பயம் தராது.

இந்த விதியைப் படித்ததும் நம் ஊர்ப் பேய்ப் படங்களின் இடைவேளைக்குப் பிந்தைய ஃப்ளாஷ்பேக் எனக்கு நினைவுக்கு வந்தது. அநியாயமாகச் செத்தவள், அவளைக் கொன்ற பாவிகள், கடைசியில் பழி தீர்ந்து சாந்தி. அந்தக் கதை தொடங்கிய நிமிடமே நாம் பேயின் கட்சிக்கு மாறிவிடுகிறோம். அழலாம், கைதட்டலாம், பயப்பட முடியாது. ஜப்பானின் பழைய பேய்க்கதைகளும் அப்படித்தான். 1825இல் கபுகி மேடையேறிய ஓயிவா கதையில், கணவனின் துரோகத்தால் முகம் சிதைந்து செத்த மனைவி பழிவாங்க வருகிறாள். கொனாகாவும் ட்சுருதாவும் செய்தது அந்தப் பழி வாங்கும் கணக்கைக் கதையிலிருந்து உருவி எடுத்ததுதான்.

தொலைக்காட்சியின் பங்கு இதற்குச் சமம். ஜப்பானில் பேய்க்கதைக்குப் பருவம் கோடை. முன்னோர்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஓபோன் பண்டிகை பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் நடுவில் வரும். கபுகிக் காலம் முதலே கோடையில் பேய் நாடகம் போடுவது வழக்கம், தொலைக்காட்சி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1994இல் கான்சாய் தொலைக்காட்சி 'காக்கோ நோ கைதான்' என்ற பள்ளிக்கூடப் பேய்க்கதைத் தொடரைத் தொடங்கியது. பள்ளிக்கூடக் கழிப்பறை, ஆளில்லாத வகுப்பறை என்று எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த இடங்கள். கியோஷி குரோசவா போன்றவர்கள் இதில் குட்டிக் கதைகள் எடுத்துப் பழகினார்கள். (அகிரா குரோசவாவுக்கு இவர் உறவில்லை.)

சரி, 'ரிங்'குக்கு வருவோம். கோஜி சுசுகியின் நாவல் 1991இல் வந்தது. 1995இல் ஃபுஜி தொலைக்காட்சி அதைத் தொலைக்காட்சிப் படமாக எடுத்தது. 1998 ஜனவரி 31 அன்று ஹிதேயோ நகாதா இயக்கிய திரைப்படம் வெளியானது. திரைக்கதை ஹிரோஷி தகஹாஷி. இருவரும் 1996இல் 'ஜோயூரெய்' என்ற படத்தில் சேர்ந்து வேலை செய்திருந்தார்கள். படப்பிடிப்புத் தளம் ஒன்றில் புதிதாக எடுத்த காட்சிகளோடு, எப்போதோ எடுத்துக் கைவிடப்பட்ட பழைய படம் ஒன்று கலந்து வருகிறது. அதைப் பார்க்கும் இயக்குநருக்குச் சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்த்த ஞாபகம் வருகிறது. ஆனால் அந்தப் படம் ஒளிபரப்பாகவே இல்லை. என்ன அருமையான கரு! குறை ஒன்றுதான். கடைசியில் பேயின் முகத்தைத் தெளிவாகக் காட்டிவிடுகிறார்கள், அதோடு பயம் இறங்கிவிடுகிறது. 'ரிங்'கின் பேயான சதாகோவின் முகம் கூந்தலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு கண் மட்டும் தெரியும்.

பார்த்தால் ஏழு நாளில் சாவு என்ற அந்தக் கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் தலை வாரும் பெண். எரிமலை வெடித்த செய்தியின் எழுத்துகள் பூச்சி மாதிரி நெளிகின்றன. தலையைத் துணியால் மூடிய ஒருவன் எங்கோ கைகாட்டி நிற்கிறான். ஒரு கிணறு. ஒன்றுக்கொன்று தொடர்பே தெரியாது. வாடகைக்கு டெக் எடுத்துப் படம் பார்த்தவர்களுக்கு இந்த வீடியோவின் தோற்றம் நன்றாகப் பழக்கம். நகலெடுத்து நகலெடுத்துத் தேய்ந்த கேசட்டில் வரும் அந்தக் கோடுகள், மங்கல், இரைச்சல். நாம் சலித்துக்கொண்டு தாண்டிப்போன அந்தக் குப்பைக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்கிறது படம்.

அந்தக் கடைசிக் காட்சி. கேசட்டின் மர்மத்தைத் தேடும் நாயகி ரெய்கோவின் முன்னாள் கணவன் ரியூஜி மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறான். தொலைக்காட்சி தானாக உயிர் பெறுகிறது, கிணறு தெரிகிறது. உள்ளேயிருந்து ஒரு கை வருகிறது, பிறகு வெள்ளை உடையில் அவள். தடுமாறி, மூட்டு கழன்றவள் மாதிரி நடந்து வருகிறாள். நடிகை ரியே இனோவைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படமெடுத்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். மனித நடைதான், ஆனால் எங்கேயோ தப்பாக இருக்கிறது என்று நம் கண் கண்டுபிடித்துவிடுகிறது, எது தப்பு என்றுதான் புரிவதில்லை. திரையின் விளிம்பு வரை வந்தவள் கண்ணாடியைத் தாண்டித் தரையில் ஊர்கிறாள். விரல்களில் நகம் இல்லை. கிணற்றிலிருந்து ஏறிவர முயன்று முயன்று போன நகங்கள் அவை. இதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை, நாமாகப் புரிந்துகொள்கிறோம்.

இந்தக் காட்சி நாவலில் கிடையாது. அவள் தொலைக்காட்சியிலிருந்து வெளியே வருவது திரைப்படத்துக்காகச் சேர்த்தது. 1995 தொலைக்காட்சிப் படம் நாவலுக்கு இன்னும் நெருக்கமானது, ஆனால் இன்று அதைப் பற்றிப் பேச ஆளில்லை. பத்தாண்டு காலம் வரவேற்பறைப் பெட்டிக்காகப் பேய்க்கதை செய்த தலைமுறை, கடைசியில் அந்தப் பெட்டியையே வாசலாக்கியது. தியேட்டரில் பார்ப்பவரைவிட வீட்டில் பார்ப்பவருக்குத்தான் இந்தக் காட்சி அதிகம் உறைக்கும். எனக்கு 'ரிங்' கிடைத்ததே ஒரு நண்பன் நகலெடுத்துக் கொடுத்த குறுந்தகட்டில்தான். பார்த்து முடித்ததும் முதல் வேலையாகத் தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் அதைச் சித்தி மகனுக்குக் கொடுத்தேன்.

அப்படிக் கைமாற்றுவதுதான் அந்தச் சாபத்திலிருந்து தப்பும் வழியும்கூட. சதாகோவின் எலும்பைக் கிணற்றிலிருந்து எடுத்தாயிற்று, அவள் கதை தெரிந்தாயிற்று. நம் கணக்குப்படி படம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கேசட்டை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் பிழைக்கலாம். கேசட்டைப் பார்த்துவிட்ட மகனைக் காப்பாற்ற ரெய்கோ தன் அப்பா வீட்டை நோக்கிக் கேசட்டோடு காரை ஓட்டுகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சை அடைப்பது சதாகோ வரும் காட்சியைவிட இந்தக் கார்ப் பயணம்தான். நல்லவள், பாசமான தாய், என்ன செய்யப்போகிறாள் பாருங்கள்.

கதைக்குப் பின்னால் உண்மைச் சம்பவமும் உண்டு. 1910இல் ஃபுகுராய் என்ற உளவியல் அறிஞர், மூடிய பொருளுக்குள் இருப்பதைப் பார்க்க வல்லவர் என்று சொல்லப்பட்ட மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணை அறிஞர்கள் முன் சோதித்துக் காட்டினார். மோசடி என்று பேச்சு எழுந்தது, பத்திரிகைகள் கிழித்தன. 1911 ஜனவரியில் அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தார். வயது 24. படத்தில் சதாகோவின் தாய் ஷிசுகோவைப் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்து கத்தும் காட்சியைப் பார்க்கும்போது இந்தப் பெண்ணை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. ஃபுகுராய் பிறகு ஆராய்ந்த இன்னொரு பெண்ணின் பெயர் சதாகோ.

இந்தப் படங்கள் சின்னத் திரையில் பிறந்தவை என்ற என் வாதத்துக்கு, 'ஜு-ஆன்' என்ற பேய்ப்பட வரிசை வளர்ந்த விதம் 'ரிங்'கைவிடத் தெளிவான சான்று. தகாஷி ஷிமிசு திரைப்படப் பள்ளியில் குரோசவாவிடமும் தகஹாஷியிடமும் படித்தவர். 1998இல் 'காக்கோ நோ கைதான்' வரிசையின் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றுக்காக அவர் எடுத்தவை சில நிமிடமே ஓடும் இரண்டு துண்டுகள். ஒன்றில் ஒரு பையன், கேட்பாரற்று ஒலிக்கும் ஒரு கைப்பேசியை எடுக்கிறான். அழைக்கும் எண் முழுக்க 4. பிற்பாடு உலகமே பயந்த பேய் கயாகோவும் அவள் மகனும் பிறந்தது அங்கேதான். 2000இல் அது வி-சினிமாக் கேசட்டானது, வாய்மொழியாகவே பரவியது. 2003இல் ஜப்பானில் தியேட்டருக்கு வந்தது. அந்தப் படத்தில் ஒரு பெண் பயந்துபோய்த் தன் அடுக்குமாடி வீட்டுக்கு ஓடிவந்து தொலைக்காட்சியைப் போடுகிறாள். செய்தி வாசிப்பவரின் முகம் கோணுகிறது. போர்வைக்குள் புகுந்துகொள்கிறாள். போர்வைக்குள்ளே கயாகோ இருக்கிறாள். சின்னப் பிள்ளையிலிருந்து நாம் அத்தனை பேரும் நம்பிய ஒரே அடைக்கலத்தையும் ஷிமிசு பறித்துவிட்டார்.

குரோசவாவின் 'க்யூர்' (1997) பேய்ப் படமே கிடையாது, ஆனால் இந்தக் கூட்டத்தில் மிகச் சிறந்தது அதுதான் என்பது என் கருத்து. சாதாரண மனிதர்கள் திடீரென்று யாரையாவது கொன்று கழுத்தில் குறுக்காக வெட்டுகிறார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஞாபகமில்லாத ஓர் இளைஞனைச் சந்தித்தது மட்டுமே. லைட்டர் சுடர், தரையில் பரவும் தண்ணீர், "நீ யார்?" என்ற கேள்வி. கோஜி யாகுஷோவின் நடிப்பு பற்றித் தனியாகவே எழுதலாம். 2001இல் குரோசவா எடுத்த 'கைரோ'வில் பேய்கள் இணையம் வழியாக வருகின்றன. அதில் ஒரு பெண் கேமராவை நோக்கி மெல்ல நடந்துவரும்போது ஒரு கணம் தடுமாறிச் சாய்ந்து மறுபடி நிமிர்கிறாள். அதற்கு மேல் விவரிக்க மாட்டேன், பாருங்கள்.

2002இல் கோர் வெர்பின்ஸ்கி எடுத்த அமெரிக்க 'ரிங்' நன்றாக எடுக்கப்பட்ட படம், அதை மறுக்கவில்லை. பிணத்தின் முகத்தை நேராகக் காட்டுகிறது, குதிரை, ஏணி என்று எல்லாவற்றுக்கும் துப்பு வைத்து விளக்குகிறது. விளக்க விளக்கப் பயம் குறைகிறது. ஷிமிசுவே 2004இல் தோக்கியோவில் வைத்தே எடுத்த ஆங்கில 'க்ரட்ஜ்' படத்துக்கும் இதே கதிதான்.

புதிதாகப் பார்க்க விரும்புபவர்கள் 1998 'ரிங்'கில் தொடங்குங்கள், அடுத்து 'க்யூர்', பிறகு 2000இல் வந்த 'ஜு-ஆன்' வீடியோ. அந்த வீடியோவின் தரம் இன்றைய கண்ணுக்கு மட்டமாகத் தெரியும். அதைச் சீராக்கிய பதிப்பைத் தேடி அலையாதீர்கள், மங்கலாகப் பார்ப்பதே சரி. முடிந்தால் தியேட்டர் திரையிடலுக்குக் காத்திருக்காமல் வீட்டிலேயே பாருங்கள்.