கியர் மாற்றுமுன் பின்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

மிதிவண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பட்டறையிலிருந்து பதில்

கேள்வி: சேலத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 46. மூன்று ஆண்டுகளாக ரோடு பைக் ஓட்டுகிறேன். ஷிமானோ நிறுவனத்தின் கிளாரிஸ் குரூப்செட் (கியர், பிரேக் பாகங்களின் தொகுப்பு), பின்னால் 8 கியர். முன்னால் 50-34 பல், பின்னால் 11-28 பல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு ஏறுவேன். பாதி மலை தாண்டியதும் முழங்கால் வலி எடுக்கிறது. அதே நிறுவனத்தின் மேல்வரிசையான 105 குரூப்செட் போட்டால் சுலபமாக ஏறலாம் என்கிறார்கள் உடன் ஓட்டும் நண்பர்கள். கடையில் 45,000 ரூபாய் கேட்கிறார்கள். சைக்கிளையே 52,000 ரூபாய்க்குத்தான் வாங்கினேன். போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் நான் கோடிட்டுக்கொண்ட எண் 28. உங்கள் முழங்கால் வலிக்கு அந்தப் பல்சக்கரம் ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். 700-25 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும். முன்னால் 34, பின்னால் 28 பல் என்றால் அந்த வேகத்தைத் தக்கவைக்க நிமிடத்துக்கு 52 முறை பெடலைச் சுற்ற வேண்டும். பின்னால் 32 பல் இருந்தால் 60 சுற்று. 34 பல் இருந்தால் 63, 64 சுற்று. வேகமும் மலையும் ஒன்றேதான். சுற்று கூடக் கூட, ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் தாங்கும் பளு குறைகிறது. 28-லிருந்து 32-க்குப் போனாலே எட்டில் ஒரு பங்கு குறையும். அதற்குத் தேவை 11-32 பல் கொண்ட 8 கியர் கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) ஒரு புதுச் செயினும். நீங்கள் சொன்ன 45,000-த்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் உங்கள் பின் டெரெய்லர் நீளக்கூண்டு (செயினைத் தாங்கும் நீண்ட கை) உடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் உட்புறத்தில் ஜி.எஸ். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் 32 பல்லைத் தாங்கும்.

இனி 105-க்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த குரூப்செட் அது. 2018-இல் வந்த ஆர்7000 வரிசையை என் பட்டறையில் கழற்றி மாட்டும்போதெல்லாம் கைக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அதனால்தான் அதைத் தவறான காரணத்துக்காக யாரும் வாங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஆர்7000-க்குப் பின்னால் 11 பல்சக்கரங்கள். உங்கள் பின்சக்கரத்தின் ஃப்ரீஹப் (கேசட் மாட்டும் உருளை) 8, 9, 10 கியர் கேசட்டுகளுக்கான அளவில் செய்யப்பட்டதாக இருந்தால், ரோடு பைக்குக்கான வழக்கமான 11 கியர் கேசட் அதில் உட்காராது. வித்தியாசம் 1.85 மில்லிமீட்டர். நகக்கண் அளவுகூட இல்லை. ஆனால் கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்கின் மரை பிடிக்காது, கேசட் ஆடும். 2016-இல் எனக்கே இது நடந்தது. ஓராண்டு சேமித்து, 11 கியர் செட் ஒன்றை வாங்கி வந்தேன். விற்றவர் என் சக்கரம் எது என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. இரவு பத்து மணிக்கு, பழைய பாகங்களையெல்லாம் கழற்றிப் போட்ட பிறகு, லாக்ரிங்கை நான்கு முறை திருகிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புதுப் பின்சக்கரம் வாங்க மேலும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் சைக்கிள் சுவரில்தான் தொங்கியது. இப்போது குரூப்செட் பற்றி யார் கேட்டாலும், முதலில் பின்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 105 வரிசையோடு சேர்த்து விற்கப்படும் எச்.ஜி.700 என்ற 11-34 கேசட், பழைய 8, 9, 10 கியர் ஃப்ரீஹப்பிலும் உட்காரும். பெரிய பல்சக்கரங்கள் உட்பக்கமாக, ஆரக்கம்பிகளை நோக்கிச் சற்றுத் தள்ளி அமையும்படி அதைச் செய்திருக்கிறார்கள். (அதே கேசட்டை 11 கியர் ரோடு ஃப்ரீஹப்பில் மாட்டினால்தான் 1.85 மில்லிமீட்டர் வளையம் அடியில் போட வேண்டும்.) ஆர்7000-இன் நீளக்கூண்டு டெரெய்லர் சரியாக இந்த 34 பல் வரை ஏற்கும். ஆகவே சக்கரம் மாற்றாமலே உங்கள் வேலை முடியும் என்று ஒருவர் சொன்னால், அது பொய்யில்லை.

ஆனால் பற்களை எண்ணிப் பாருங்கள். இப்போது உங்களிடம் இருப்பது 11, 13, 15, 17, 19, 21, 24, 28. அந்த 11-34 கேசட்டில் இருப்பது 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. முதல் ஆறும் ஒன்றே! சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் எதிர்காற்றில் ஓட்டும்போது எந்தக் கியர்களில் இருப்பீர்களோ, அவற்றில் ஒரு பல்கூட மாறவில்லை. புதிதாக வருவதெல்லாம் மலைக்கான பற்கள். சமதளத்தில் கியர்கள் நெருக்கமாக இருப்பதுதான் 11 கியரின் சுகம் என்கிறார்களே, அது 11-28 கேசட்டில் இருக்கிறது: 11, 12, 13, 14, 15 என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். அந்தக் கேசட்டோ உங்கள் சக்கரத்தில் உட்காராது. உட்காரும்படி சக்கரத்தை மாற்றினாலும், அதன் கடைசிப் பல் மறுபடியும் 28. முழங்கால் வலி அப்படியே இருக்கும்.

11-32 போட்டால் நீங்களும் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அதன் வரிசை 11, 13, 15, 18, 21, 24, 28, 32. சமதளத்தில் 15-க்கும் 18-க்கும் இடையே கால் கொஞ்சம் தடுமாறும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

எனவே என் பதில்: இப்போது 11-32 கேசட்டும் செயினும் போடுங்கள். மூன்று மாதம் ஏற்காடு ஏறுங்கள். வலி குறையாவிட்டால் இருக்கையின் உயரத்தையும், பிறகு மருத்துவரையும் பாருங்கள். மிச்சப்படும் பணத்தில் நல்ல பிரேக் கட்டைகள் வாங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டுமே. உங்கள் லீவர்கள் தேய்ந்து, சக்கரத்தையும் மாற்றும் நாள் வரும்போது 105-ஐ முழுதாகப் போடுங்கள். கியர் விழும் துல்லியம், பிரேக்கின் இறுக்கமான பிடி, நெடும்பயணத்தில் கைகளுக்குக் கிடைக்கும் ஓய்வு இவற்றுக்காக அதை வாங்குவதில் தவறே இல்லை.

கேள்வி: கல்லூரி மாணவன், மதுரை. என் சைக்கிளில் கிளாரிஸ் ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), சக்கர விளிம்பைப் பிடிக்கும் சாதாரண ரிம் பிரேக். மொத்தமாக வாங்க வசதி இல்லை. முதலில் 105 பின் டெரெய்லர், அடுத்த ஆண்டு ஷிஃப்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றலாமா? புதிய 12 கியர் 105-க்கே போய்விடலாமா?

பதில்: தம்பி, வேண்டாம். ஷிஃப்டரை ஒரு சொடுக்கு சொடுக்கினால் எவ்வளவு கேபிள் இழுபடும், அந்த இழுப்புக்கு டெரெய்லர் எவ்வளவு நகரும் என்பது இரண்டுக்கும் இடையிலான ஒப்பந்தம். 8 கியர் கிளாரிஸ் ஒரு ஒப்பந்தம். 11 கியர் 105 வேறு ஒப்பந்தம். கலந்து மாட்டினால் ஒரு கியர் விழும், அடுத்தது இரண்டு பற்களுக்கு நடுவே கிடந்து கரகரக்கும். ஷிமானோவின் ரோடு வரிசைகளில் 10 கியர் டியாக்ரா 4700 மட்டும் 11 கியர் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகும். உன்னிடம் இருப்பது அது இல்லை.

12 கியர் 105 உன் சைக்கிள் சட்டத்துக்கு (ஃப்ரேம்) ஆகாது. 2022-இல் வந்த மின்சார வகையும், 2023-இல் வந்த கேபிள் வகையும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்காகவே செய்யப்பட்டவை. ரிம் பிரேக் சட்டத்துக்கு 105 என்றால் 11 கியர் ஆர்7000-தான்.

பழையது வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு செய்திகள். லீவரின் ரப்பரை விலக்கி, கியர் கேபிளின் தலைப்பகுதியைப் பார். அங்கே நார் நாராகப் பிரிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். உள்ளே அறுந்து சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. அடுத்தது கிராங்க், அதாவது பெடல் மாட்டும் கை. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை செய்யப்பட்ட 11 கியர் அல்டெக்ரா, டியூரா-ஏஸ் வரிசைகளின் ஒட்டிச் செய்த கிராங்குகள் பிரிந்துவிடக்கூடும் என்று ஷிமானோவே 2023-இல் பரிசோதனைக்கு அழைத்தது. 105 கிராங்க் அந்தப் பட்டியலில் இல்லை. மலிவாக வருகிறது என்று மேல்வரிசைக் கிராங்குக்கு ஆசைப்படாதே.

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். கிராங்கை மாற்ற வலப்பக்க பி.பி. கப்பை (கிராங்க் அச்சைத் தாங்கும் பேரிங் கிண்ணம்) கழற்ற முயன்றேன், அசையவே இல்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டதா?

பதில்: துருவும் இருக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் திருகினீர்கள்? நம் சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்கும் பி.எஸ்.ஏ. மரையில் வலப்பக்கக் கப் இடம்புரி. கழற்றுவதற்கு, கடிகார முள் போகும் திசையில் திருக வேண்டும். எதிர்த்திசையில் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும். அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிளை ஓட்டி வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி: இந்த மரையின் பெயரும் அதே பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனத்திலிருந்து வந்ததுதான்.

முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் செயினையும் மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. பழைய இரும்பு அடிக்கோல் போதும். ஒரு பின்னின் நடுவில் 0 வைத்தால், 24 பின்கள் தள்ளி இருக்கும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு தாண்டிவிட்டால் செயினை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மண்ணைப் பிடித்துப் பசைபோல் ஆகிவிடும்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. சிறிய கைகள். ரோடு பைக் ஓட்ட ஆசைப்படுகிறாள். பிரேக் லீவர் எட்டவில்லை. பெரிய கியர் செட் போட்டால் சரியாகுமா? (ஒரு தாய், கோயம்புத்தூர்)

பதில்: அம்மா, செலவு செய்யுமுன் லீவரையே பாருங்கள். பல லீவர்களில், 105 உட்பட, ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் லீவர் ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கும். சிறிய ஆலன் சாவியோ ஸ்க்ரூ டிரைவரோ போதும். நெருக்கிய பிறகு பிரேக் கேபிளையும் இழுத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும், பிரேக் பிடிக்காது. மகளை சைக்கிளில் உட்காரவைத்து, கீழ்ப்பிடியிலிருந்து இரண்டு விரல்களால் லீவரை இழுக்கச் சொல்லுங்கள். விரலின் முதல் கணு லீவரில் நன்றாகப் பதிந்தால் போதும். திருகு இல்லாத லீவராக இருந்தால், அடுத்த ஞாயிறு சைக்கிளோடு மகளையும் பட்டறைக்கு அழைத்து வாருங்கள். கையை அளந்து பார்க்காமல் நான் எதையும் சொல்ல மாட்டேன்.